எக்ஸ்ரேயில் மரம் தெரியாது

எலும்பு தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது.
பத்து வயதில் டிராக்டர் கதவில் நசுங்கிய
சுண்டுவிரலின் கோணல்கூடத் தெரிகிறது.
முள் மட்டும் இல்லை.
"ஒன்றுமில்லை, மிஸ்டர் ப்ரோசர்" என்கிறார்
பில்த் மருத்துவமனையின் இளம் டாக்டர்.
அந்த ஒன்றுமில்லாததை மடக்க முடியாமல்
நடுவிரலை நீட்டியபடியே
வீடு வந்து சேர்கிறான் இத்வால்,
வழிநெடுக யாரையோ திட்டுவதுபோல.

ஆட்டு வைத்தியர் அஃபான்தான் சொன்னார்:
எக்ஸ்ரேயில் மரம் தெரியாது,
மனிதனுக்கும் சரி, கிடாவுக்கும் சரி.

பிப்ரவரியில் ஏறியது.
கருமுள் வேலியைச் சாய்க்கும் பருவம்.
தண்டை முக்கால்வாசி வெட்டி,
ஒரு நூல் பட்டையில் உயிரை விட்டுவைத்து,
மேட்டைப் பார்த்துப் படுக்கவைக்க வேண்டும்.
வெட்டியவன் கையை அது
அடையாளம் வைத்துக்கொள்ளும்.
தோல் கையுறை, அதற்குள் கம்பளிக் கையுறை,
இரண்டையும் கடந்துபோய்
மூட்டுக்குள் நுனியை ஒடித்துக்கொண்டது.
வேலிக்கு அந்தப் பக்கம் கெத்தினின் நிலம்.
கெத்தின் இவன் தம்பி.
பதினான்கு வருடமாய்ப் பேச்சுவார்த்தை இல்லை;
ஆடுகள் மட்டும் போய்வரும்.
அதையும் நிறுத்தத்தான் வேலி.

முள்ளை முள்ளால் எடுக்கலாமாம்.
சொன்னவர் கருமுள்ளைக் கண்டதில்லை.
ஊசியால் தோண்டினோம்.
ரொட்டியைப் பாலில் நனைத்துச் சுடச்சுடக் கட்டினோம்.
மக்னீசியக் களிம்பு,
ஆட்டுக் குளம்புக்குப் பூசும் கறுப்புத் தைலம்,
விஸ்கி (அது விரலுக்கல்ல).
விரல் பீட்ரூட்டாய்ச் சிவந்ததுதான் மிச்சம்.
தாழ் திறக்க, பித்தான் போட, செக்கில் கையெழுத்திட
இடது கை கற்றுக்கொண்டது.
இரவில் அந்த ஒற்றை விரல் மட்டும்
போர்வைக்கு வெளியே கிடக்கும்,
கோபித்துக்கொண்ட விருந்தாளி மாதிரி.

என்னிடமும் ஒன்று இருக்கிறது.
வலது உள்ளங்கையில் ஒரு நீலப் புள்ளி;
மச்சம் என்றே நினைத்திருக்கிறான் இத்வால்.
ஏழு வயதில் மென்னா ரீஸ்
பென்சிலால் குத்தினாள், ரப்பர் தராததற்கு.
ஐம்பத்தோரு வருடமாய் அந்தத் துளி
அங்கேயே குடியிருக்கிறது.
வலியும் இல்லை, வாடகையும் இல்லை.
மென்னா இப்போது தபால் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.
மீதிச் சில்லறையை அவள் வைக்கும்போதெல்லாம்
சரியாக அதன் மேல்தான் விழுகிறது.
நினைவிருக்கிறதா என்று கேட்டதில்லை.
குளிர் காலத்தில் கையுறையோடே வாங்கிக்கொள்கிறேன்.

உடம்புக்கென்று ஒரு சட்டம் இருக்க வேண்டும்,
எதைத் துரத்துவது,
எதை உள்ளூர்க்காரனாக்கிக்கொள்வது என்று.
எனக்கு அது பிடிபட்டதே இல்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை,
பாத்திரம் கழுவும் சுடுநீரில் கையை விட்டவன்
"ஹோ" என்றான்.
ஏறிய இடத்தில் அல்ல, மறுபக்கம்,
விரலின் உள்மடிப்பில்
ஒரு கறுப்பு நுனி எட்டிப் பார்த்தது.
புருவம் திருத்தும் இடுக்கியால் இழுத்தேன்.
சீழோடு வழுக்கிக்கொண்டு வந்தது,
ஒரு கோதுமை மணி அளவுகூட இல்லை.
ஒன்பது மாதம்.
"சுகப்பிரசவம்" என்றேன். அவன் சிரிக்கவில்லை.
ஜன்னலோரம் கொண்டுபோய்
கண்ணாடி மாட்டிப் பார்த்தான், வெகுநேரம்.
"நம்ம பக்கத்துக் கிளையா,
அவன் பக்கத்துக் கிளையா" என்றான்.
பிறகு அடுப்பில் போட்டான்.
அது எரிந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

விரல் இன்னும் முழுசாய் மடங்கவில்லை.
பாதியில் விட்ட வேலியில்
எழுபது அடி திறந்தே கிடக்கிறது.
மறுபடி பிப்ரவரி வந்துவிட்டது.
இன்று விடிந்தபோது எங்கள் புல்லில்
கெத்தினின் ஆடுகள் நான்கு.
இத்வால் பார்த்தான்.
ஆறிப்போன தேநீரை முடித்தான்.
கத்தியைத் தீட்டவில்லை, நாயை அவிழ்க்கவில்லை.
"கொழுத்திருக்கு" என்றான்,
கண்ணாடிச் சட்டத்தில் அந்த விரலைத் தட்டியபடி.